சரக்கு விவரம்: மரப்பொம்மை, 41

மணலி போகும் லாரிச்சாலை ஓரம், ஏழாம் நம்பர் கிடங்கு.
டக்காரில் ஏற்றிய முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால்
வைக்கோல் சுற்றி வந்திருந்தார்கள்
நாற்பத்தொரு பேர்.
பில்லில் ஒரே வரி:
மரப்பொம்மை, பழசு, மாலி நாடு.

என் வேலை புகை போடுவது.
தார்ப்பாய் மூடி, ஓரமெல்லாம் மணல்பாம்பு வைத்து,
மெத்தில் புரோமைடைத் திறந்துவிட்டு
இருபத்துநாலு மணி நேரம் காத்திருப்பது.
பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலேறிய வண்டுகள்
இந்த நாட்டில் பார்க்கும் முதல் ஆள் நான்,
கடைசி ஆளும்.

"எல்லாம் ஒரே ஊரா?"
மதிப்பீட்டு அதிகாரி வசுமதி கேட்டார்.
யாருக்குத் தெரியும்.
பெட்டிக்குள் பிரெஞ்சில் ஒரு தாள் கிடந்தது.
ஏஜென்ட் ஆபீஸ் ஃபிலோமினா பாண்டிச்சேரிக்காரி,
போனில் வாசித்துச் சொன்னாள்.
டோகோன் மக்களாம். பாறைச்சரிவாம், மேட்டுநிலமாம்.
பொம்பு-தோரோ, தின்தாம், ந்துலேரி, நியோங்கோம்.
ஏசுபாதம் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு
ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினான்,
கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோல.

தாளை மடித்துவிட்டுத் தரையில் பரப்பினோம்.
பார்க்கப் பார்க்கப் பிரிந்தார்கள்.
தோளைச் சதுரமாய் வெட்டி, மூக்கை அம்புமுனையாக்கி
கோணமும் கோணமுமாய் ஒரு கூட்டம்.
நீள நீளமாய், கழுத்தே பாதி உடம்பாய் ஒரு கூட்டம்.
கன்னம் உருண்டு, தொப்புள் பிதுங்கி,
இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவர்கள் சிலர்.
பிறகு ஒருத்தி.
கிளை எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்தவள்.
செதுக்கியவன் அவளை நிமிர்த்தப் பார்க்கவில்லை.
இடுப்பில் ஒரு கணு;
அதையும் விட்டுவைத்திருந்தான்.

காசிமேட்டில் ஒரு மாதிரி, கொருக்குப்பேட்டையில் ஒரு மாதிரி,
ரெண்டு ரயில்வே கேட் தாண்டினால்
"இன்னா"வில் இழுவை மாறும்.
வாயைத் திறந்தால் தெருவைச் சொல்லிவிடுவான் ஏசுபாதம்.
மரத்துக்கும் அப்படித்தான் போல.
ஒரே சாமியைக் கூப்பிடலாம்,
தொண்டை வேறே.

கை தூக்கியவர்கள் ஒன்பது பேர்.
மழை கேட்கும் கை என்றது தாள்,
பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறியும்.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
வியாசர்பாடி மொட்டைமாடியில், டிசம்பரில்,
மூன்றாம் நாளாய்த் தண்ணீர் வடியாதபோது
தெருவே தூக்கிய கை. என்னுடையதும் உண்டு.
நாங்கள் போதும் என்றுதான் தூக்கினோம்.
தள்ளி நின்று பார்த்தால்
வேண்டும் என்பதற்கும் போதும் என்பதற்கும்
ஒரே தோள்பட்டை.

வசுமதியின் விதிப்புத்தகத்தில்
சிற்பத்துக்கு ஒரு தலைப்பு, பொம்மைக்கு ஒரு தலைப்பு,
நூறு வயது தாண்டினால் இன்னொன்று.
எடுத்ததா, கொடுத்ததா என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.
அவரே பேனாவால் ஒரு கட்டம் போட்டார்,
காலியாகவே விட்டார்,
கீழே எழுதினார்: மறு உத்தரவு வரை யாரும் தொடக்கூடாது.

ஆகவே புகையும் இல்லை.
ராத்திரி ஷிஃப்டில் காது கொடுத்தால் கேட்கும்
உள்ளேயிருந்து கறுக் கறுக்.
அந்த ஊர் மரத்தை அந்த ஊர் வண்டு
அந்த ஊர்ப் பேச்சில்.

எல்லார் மேலும் ஒரு பொருக்கு,
வறண்ட ஏரித்தரை மாதிரி வெடித்து.
கம்பங்கஞ்சி ஊற்றி ஊற்றிக் காய்ந்தது,
கூடவே ரத்தமும் என்றாள் ஃபிலோமினா.
நம்பாமல் குனிந்து முகர்ந்தேன்.
கழுவாத கூழ்ப்பானை.

ஆடி மூணாம் ஞாயிறு.
எர்ணாவூர் அம்மன் கோயில் ஸ்பீக்கர்
ஆலைச் சங்கையும் தாண்டிக் கேட்டது.
காலைப் பூசை முடித்த கையோடு
ஏசுபாதம் அங்கே வரிசையில் நின்று
தூக்குச்சட்டி நிறைய வாங்கிவந்தான்.
அங்கே கம்பு, இங்கே கேழ்வரகு,
தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை.
கணுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம்.
சட்டி சாய்ந்ததா, சாய்த்தானா,
நான் பார்க்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
உருப்படி 23, இடுப்பில் ஈரக்கறை, புதிது.
காரணம் என்ற இடத்தில்
கூரை ஒழுகல்.
மழை பெய்து அப்போது
இரண்டு மாதம் ஆகியிருந்தது.